தள்ளினால் கிளம்புமா?

அம்பாசிடர் காரின் பேட்டரி படுத்துவிட்டால், நாலு பேர் தள்ளினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். தீப்பொறிக்கு மட்டுமே மின்சாரம் வேண்டியிருந்தது. பெட்ரோல் பம்பை எஞ்சினின் சுழற்சியே இயக்கியது. இன்றைய காரிலோ பம்பு, இன்ஜெக்டர், கணினி யாவும் மின்சாரத்தை நம்பியுள்ளன. ஆகவே, சாவியைத் திருப்பியதும் முன்பலகை விளக்குகள் மங்கலாகவேனும் எரிந்தால்தான் நாம் தள்ளுவதில் பயனுண்டு. அறவே எரியாவிடில் வீண் வியர்வைதான்!

சமதரையில், கிளட்சை மிதித்து, இரண்டாம் கியரிலிட்டு, ஓட்டநடை வேகம் வந்ததும் கிளட்சைச் சட்டென விடுதல் வேண்டும். எஞ்சின் பற்றியதும் மீண்டும் மிதித்தல் வேண்டும். முதற் கியரில் வண்டி வெட்டி இழுக்கும். சாவியை உருவிவிட்டுத் தள்ளுவோரும் உளர். ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் திருப்ப இயலாது. எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் கல்லாய் இறுகும். ஆதலின் இறக்கத்தில் இம்முயற்சி வேண்டவே வேண்டாம்.