ஒரு செமஸ்டர், இரண்டு மார்க் ஷீட்

பிரான்சில் 20-க்கு 14 வாங்கிய மாணவி வீட்டுக்குப் போன் போட்டுச் சந்தோஷமாகச் சொல்வாள். அங்கே 16-ஐத் தாண்டுவதே அபூர்வம். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் போனால் மதிப்பெண் 30-க்கு. 18-க்குக் கீழே என்றால் பெயில். ஜெர்மனியிலோ எல்லாம் தலைகீழ். 1 வாங்கியவர்தான் முதல் மாணவர்; 5 வாங்கியவருக்கு அரியர். இந்த மூன்று பேரும் ஆளுக்கொரு செமஸ்டர் நாடு மாறிப் படித்துவிட்டு ஊர் திரும்பினால், அவர்கள் மார்க்கை யார், எப்படிக் கணக்குப் போடுவது?

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் என்றதும் முதுகுப்பையும் ரயில் பயணமும் காபிக் கடை அரட்டையும்தான் நினைவுக்கு வரும். ஐரோப்பாவில் அதெல்லாம் லட்சக்கணக்கான மாணவர்களுக்குக் கிடைத்ததற்குக் காரணம், இந்தச் சலிப்பூட்டும் கணக்குக்கு ஒருவழியாக விடை கண்டுபிடித்ததுதான். இந்த மாணவர் பரிமாற்றத்தை நடத்தும் 'எராஸ்மஸ்' திட்டத்தின் கதையே ஒரு மார்க் ஷீட் தகராறில் இருந்துதான் தொடங்குகிறது.

ரோம் நகரின் சபியென்சா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர் சோஃபியா கொராடி. 1957-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை கிடைத்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒப்பீட்டுச் சட்டத்தில் முதுகலைப் பட்டத்தோடு திரும்பினார். அங்கே படித்ததைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ரோமில் கேட்டபோது, பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்தவர் மற்ற மாணவர்கள் முன்னிலையிலேயே அவரைக் கேலி பேசி அனுப்பிவிட்டார். அமெரிக்கா போனது ஊர் சுற்றத்தான் என்பது அலுவலகத்தின் முடிவு. கொராடி விட்ட இடத்திலிருந்து படித்து, தேர்வெழுதி, இத்தாலியப் பட்டத்தைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது.

பின்னாளில் இத்தாலியப் பல்கலைக்கழக ரெக்டர்களின் மாநாட்டுக்கு ஆலோசகராக வந்ததும், அந்தப் பழைய கோபத்தைக் கொராடி கோப்பாக்கினார். வெளிநாட்டில் எழுதும் தேர்வைச் சொந்தப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்ற அவரது முன்மொழிவு 1969-இலேயே எழுத்தில் வந்துவிட்டது. அது ஐரோப்பா முழுவதற்குமான திட்டமாக மாற 18 ஆண்டுகள் ஆயின. செலவு யார் தலையில் என்று அரசுகள் இழுபறி செய்தன. பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையத்தில் இதைத் தூக்கிச் சுமந்த அதிகாரி டொமெனிகோ லெனார்டுஸி. பெல்ஜியத்துக்குச் சுரங்க வேலைக்குப் போன இத்தாலியர் ஒருவரின் மகன். மாணவர் அமைப்பு ஒன்றை நடத்திய ஃபிராங்க் பியாங்கேரி, பிரெஞ்சு அதிபர் மித்திரானையே சந்தித்து ஆதரவு கேட்டார். 1987 ஜூனில் திட்டம் நிறைவேறியது. முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் கிளம்பினார்கள். பாரிஸ், கேம்பிரிட்ஜ், லூவன், பாசெல் என்று ஊர் ஊராகத் திரிந்து படித்த, பதினாறாம் நூற்றாண்டு அறிஞர் எராஸ்மஸின் பெயர் திட்டத்துக்கு அமைந்தது. இத்தாலியப் பத்திரிகைகள் கொராடியை 'மம்மா எராஸ்மஸ்' என்றே அழைத்தன. 2025 அக்டோபரில் 91 வயதில் அவர் காலமானார்.

மார்க் கணக்குக்கு விடை 1989-இல் சோதனை முயற்சியாக வந்தது. மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு, உழைப்பை அளக்கும் பொதுவான கிரெடிட் முறை அது. ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேரப் படிப்பு. கிளம்பும் முன்பே மாணவர், சொந்தப் பல்கலைக்கழகம், போகிற பல்கலைக்கழகம் என மூன்று தரப்பும் 'லேர்னிங் அக்ரிமென்ட்'டில் கையெழுத்துப் போட வேண்டும். என்னென்ன பாடம், எத்தனை கிரெடிட் என்பதெல்லாம் அதில் இருக்கும். இறங்கிய முதல் வாரத்தில், பட்டியலில் இருந்த பாடம் இந்த செமஸ்டர் கிடையாது என்பார்கள். அல்லது இரண்டு வகுப்பு ஒரே நேரத்தில் வரும். மறுபடியும் மூன்று கையெழுத்து. செட்ரிக் கிளாபிஷ் இயக்கி 2002-இல் வந்த 'லோபெர்ஜ் எஸ்பான்யோல்' பிரெஞ்சுப் படத்தைப் பார்த்தவர்களுக்கு பார்சிலோனாவும், ஏழெட்டு நாட்டவர் கூடி வாழும் அந்த வீடும் நினைவிருக்கும். நாயகன் அங்கே போய்ச் சேருவதற்கு முன் விண்ணப்பத்தோடு அலுவலகம் அலுவலகமாக ஓடுகிறானே, அதுதான் படத்திலேயே நிஜத்துக்கு மிக அருகில் இருக்கும் காட்சி.

வகுப்பறைக்குள் போனபின் வேறு உலகம். ஜெர்மனியில் பத்து மணி வகுப்பு பல இடங்களில் பத்தேகாலுக்குத்தான் ஆரம்பிக்கும். அந்தக் கால் மணி நேரம் பழைய பல்கலைக்கழக மரபு. விரிவுரை முடிந்ததும் கைதட்ட மாட்டார்கள், விரல் மூட்டால் மேசையைத் தட்டுவார்கள். புதிதாக வந்தவர் கைதட்டிவிட்டுத் திருதிருவென விழிப்பது ஒவ்வொரு அக்டோபரிலும் நடப்பது. இத்தாலியில் பல பாடங்களுக்கு வாய்மொழித் தேர்வு, அதுவும் மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க. பேராசிரியர் '24' என்பார்; பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த முறை வந்து மறுபடி தேர்வு கொடுக்கலாம். கொடுத்த மார்க்கை மாணவர் திருப்பிக் கொடுப்பது! நம் ஊர்க் கல்லூரியில் யாராவது முயன்று பார்க்கலாம்.

மொழிதான் பெரிய அதிர்ச்சி. எராஸ்மஸ் மாணவர்கள் மிக அதிகமாகப் போகும் நாடு ஸ்பெயின். அங்கே மிகவும் விரும்பப்படும் ஊர்களில் ஒன்று கிரனாடா. 1531-இல் தோன்றிய பல்கலைக்கழகம், தலைக்கு மேலே அல்ஹம்ப்ரா கோட்டை, தூரத்தில் சியர்ரா நெவாடாவின் பனி. ஒரு பானம் வாங்கினால் ஒரு தட்டு தீனி இலவசம் என்ற வழக்கம் மாணவர் பட்ஜெட்டுக்கு வரப்பிரசாதம். ஆனால் ஆந்தலூசியப் பேச்சில் சொல்லின் கடைசி 'ஸ்' காணாமல் போய்விடும். பாடப்புத்தக ஸ்பானிஷில் முதல் வகுப்பில் தேறியவரும், ஹவுஸ் ஓனர் வாடகை எவ்வளவு சொன்னார் என்று புரியாமல் தலையாட்டிவிட்டு வருவார். பார்சிலோனாவுக்குப் போனவருக்கு இன்னொரு வகை: வகுப்பு கத்தலான் மொழியில் நடக்கலாம்.

இதிலிருந்து தப்பிக்க எளிய வழி, வெளிநாட்டு மாணவர்கள் தங்களுக்குள்ளேயே சேர்ந்துகொண்டு ஆங்கிலத்தில் பேசிக் காலத்தை ஓட்டிவிடுவது. 'எராஸ்மஸ் குமிழி' என்று இதைக் கிண்டலாகச் சொல்வார்கள். ஆறு மாதம் லிஸ்பனில் இருந்துவிட்டுப் போர்ச்சுகீசிய நண்பர் ஒருவர்கூட இல்லாமல் திரும்புவோர் உண்டு. அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. உள்ளூர் மாணவருக்கு ஏற்கெனவே வீடு, நட்பு, பகுதி நேர வேலை எல்லாம் இருக்கிறது. பிப்ரவரியில் கிளம்பிவிடப் போகிறவரோடு பழக அவருக்கு என்ன அவசரம்?

காசு விஷயத்துக்கு வருவோம். போகிற இடத்தில் கல்விக் கட்டணம் கிடையாது. சொந்த ஊரில் கட்டுகிற கட்டணம் போதும். கூடவே மாத உதவித்தொகை உண்டு, விலைவாசி அதிகமான நாட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக. ஆனால் டப்ளின், ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில் அது ஓர் அறையின் வாடகைக்கே போதாமல் போகலாம். அட்வான்ஸ் தனி. மீதியை அப்பா அம்மா அனுப்ப வேண்டும். அனுப்ப முடியாத வீட்டுப் பிள்ளைகள் விண்ணப்பிப்பதே இல்லை. இதைச் சரிக்கட்ட, வசதி குறைந்த மாணவர்களுக்கு மாதம் 250 யூரோ கூடுதலாகக் கொடுக்கிறார்கள். உதவிதான், வாடகை ஏறும் வேகத்துக்கு அது ஈடாகாது.

2014-இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட ஆய்வு ஒன்று எராஸ்மஸ் போய்வந்தவர்களில் 27 சதவீதத்தினர் வாழ்க்கைத் துணையை அங்கேதான் சந்தித்தார்கள் என்றது. 1987 முதல் சுமார் 10 லட்சம் 'எராஸ்மஸ் குழந்தைகள்' பிறந்திருக்கலாம் என்று ஆணையம் மதிப்பிட்டதும் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். போய்வந்தவர்கள் நீண்டகாலம் வேலையில்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பாதி என்றும் அதே ஆய்வு சொன்னது. இந்த வேலைக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகவே படிக்க வேண்டும். வீட்டில் பணமும் மொழியறிவும் துணிச்சலும் உள்ளவர்கள்தான் முதலில் கிளம்புகிறார்கள். அவர்களுக்கு வேலை கிடைத்த பெருமை முழுவதையும் ஒரு செமஸ்டர் கணக்கில் எழுத முடியாது.

தமிழ்நாட்டு மாணவர்களிடையே இந்தப் பெயர் பிரபலமானது வேறொரு வழியில். 2004-இல் தொடங்கிய 'எராஸ்மஸ் முண்டுஸ்' கூட்டு முதுகலைப் படிப்புகளுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஒரு செமஸ்டர் ஒரு நாடு, அடுத்தது இன்னொரு நாடு என்று நகர்ந்துகொண்டே படிப்பது. விசா வேலையும் கூடவே நகரும்.

பிரிட்டன் கதை தனி. பிரெக்ஸிட்டுக்குப் பின் எராஸ்மஸிலிருந்து விலகி, 2021-இல் கணித மேதை ஆலன் டூரிங்கின் பெயரில் சொந்தத் திட்டம் தொடங்கியது. தன் மாணவர்கள் வெளியே போகப் பணம் தரும். உள்ளே வருபவர்களுக்குத் தராது. வட அயர்லாந்து மாணவர்களை எராஸ்மஸில் தக்கவைக்க டப்ளின் அரசு கைகொடுத்தது. வேல்ஸ் தனக்கென்று ஒரு திட்டம் போட்டுக்கொண்டது. 2025 டிசம்பரில் லண்டன் அரசு மனம் மாறி, 2027-இல் எராஸ்மஸில் மறுபடி சேர்வதாக அறிவித்தது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் இனி ஐரோப்பியக் கல்லூரிகளோடு பழைய ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகப் புதுப்பித்தாக வேண்டும்.