உங்களுக்குத் தெரியுமா? கூமுட்டைக்குக் குச்சியும் காரணமாகலாம்!

செஞ்சிக் கோட்டைப் பக்கம் கீச்சிட்டுப் பறக்கும் பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் ஜோடி சேர்த்தால் குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கும் குட்டிக் கிளிகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட பட்ஜிகள், அவற்றை வளர்க்கலாம்.

அவை இடுவதெல்லாம் கூமுட்டையாகிறதா? முதலில் உட்காரும் குச்சியை ஆட்டிப் பாருங்கள். ஆண், பெட்டையின் மேலேறி, இரண்டின் கழிவுத்துளைகளும் சில நொடிகள் ஒட்டினால்தான் கரு கூடும். வழுக்கும் பிளாஸ்டிக் குச்சியிலும், உருளும் குச்சியிலும் கால் நிற்காது. விரல் பருமனில் வேப்பங்குச்சி ஒன்றை இரு முனையிலும் இறுக்கிக் கட்டுங்கள். காசு செலவில்லாத வைத்தியம்!

ஜோடி உண்மையில் ஜோடிதானா? இரண்டு பெட்டைகளும் கொஞ்சிக் குலாவும், முட்டையும் இடும். அலகுக்கு மேலுள்ள சதை பொதுவாக ஆணுக்கு நீலம், முட்டையிடத் தயாரான பெட்டைக்குப் பழுப்பு. (வெள்ளை, மஞ்சள் ரகங்களில் இந்தக் கணக்கு தப்பும்.)

வெறும் தினையே தின்று கொழுத்த பறவையிடமும் கரு எதிர்பார்க்க முடியாது. முருங்கைக்கீரை, கணவாய் ஓடு, கொஞ்சம் அவித்த முட்டை கொடுங்கள்.

அடைகாத்த ஏழாம் நாள் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு நரம்புகள் ஓடினால் கரு வளர்கிறது. ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு கூடி, பிறகு செத்திருக்கிறது. அதற்குக் குச்சியைக் குற்றம் சொல்லாதீர்கள். கூண்டுக்கு மேல் தகரக் கூரை கொதிக்கிறதா என்று பாருங்கள்.