பெயரும் வடிவமும்: 'காரமாண்ட்' எழுத்துரு

ரோமன் எழுத்துகளின் கோடுகள் முடியுமிடத்து அமையும் சிறு குறுக்குக்கோட்டைச் செரிஃப் என்பர். செரிஃப் உடைய எழுத்துருக்களுள் நூலச்சில் பெரிதும் பயில்வது 'காரமாண்ட்'. இப்பெயரில் வழங்குவன யாவும் ஒருவர் செதுக்கியவை அல்ல என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பாரிசில் வாழ்ந்த குளோத் கரமோன், வெனிசில் ஆல்டஸ் மனுசியஸ் 1495-இல் பயன்படுத்திய எழுத்தை முன்மாதிரியாகக் கொண்டார். அவர் எஃகு முனையில் செதுக்கிய வடிவங்களைச் செம்பில் பதித்து, அப்பதிவில் ஈயக்கலவை வார்க்கப்பட்டது. தடித்த, மெல்லிய கோடுகளிடையே மிதமான வேறுபாடு, வளைவுகளில் தடிப்பு சற்றே சாய்ந்து நிற்றல், ஆங்கிலத்தில் 'ஈ' எனப்படும் சிற்றெழுத்தின் கண் சிறுத்திருத்தல் ஆகியன அவர் எழுத்தின் இயல்புகள். 1561-இல் அவர் மறைந்தபின் அவருடைய கருவிகள் பலரிடம் சென்றன. அவற்றுள் ஒரு பகுதி ஆண்ட்வெர்ப்பில் உள்ள பிளாந்தின்-மொரேத்துஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

செடான் நகர அச்சாளர் ஜான் ஜானோன் 1621-இல் தம் எழுத்து மாதிரிகளை வெளியிட்டார். அவர் எழுத்துகளைப் பிரெஞ்சு அரச அச்சகம் 1641-இல் பெற்றது. காலப்போக்கில் ஜானோன் பெயர் மறைய, அவை கரமோனுடையனவாகக் கருதப்பட்டன. மோனோடைப் நிறுவனம் 1922-இல் வெளியிட்ட 'காரமாண்ட்' இவற்றையே தழுவியது.

இம்மயக்கத்தை நீக்கியவர் பியாட்ரிஸ் வார்ட். ஜானோனின் 1621-ஆம் ஆண்டு மாதிரி ஏட்டைச் சான்றாகக் கொண்டு, 'தி ஃபிளூரன்' இதழில் 1926-இல் உண்மையை நிறுவினார். பிறர் பெயரில் வழங்கியதை வெளிப்படுத்திய அவரும் பால் போஜோன் எனும் புனைபெயரிலேயே எழுதினார்.

வடிவ வேறுபாடும் இம்முடிவுக்கு அரண் செய்கிறது. ஜானோன் எழுத்தில் கோட்டு வேறுபாடு மிகுதி. சிற்றெழுத்துகளின் தலைச்செரிஃப் செங்குத்தாகச் சரிந்து குழிந்திருக்கும். சாய்வெழுத்துகளின் சாய்வு சீராக இராது.

உண்மை வெளிப்பட்ட பின்னரும் பெயர் மாறவில்லை. 1592-ஆம் ஆண்டுப் பிராங்பர்ட் மாதிரித் தாளைப் பின்பற்றிய ஸ்டெம்பல் வடிவமும் (1925), ராபர்ட் ஸ்லிம்பாக் அமைத்த அடோபி வடிவமும் (1989) கரமோன் மரபின. கணினியில் பரவலாக வழங்கும் மோனோடைப் வடிவமோ ஜானோன் மரபினது.

நூலாசிரியர் பெயர் மயங்குமிடத்து அகச்சான்றும் புறச்சான்றும் தேடுவது பதிப்பாய்வின் நெறி. எழுத்துருவுக்கும் அந்நெறி பொருந்தும். ஆதலின், நூலின் அச்சு விவரத்தில் 'காரமாண்ட்' என்பதைக் காணும் ஆய்வாளரும் மொழிபெயர்ப்பாளரும் அதனைக் கரமோனின் படைப்பு என விரித்தெழுதுதல் கூடாது. எந்நிறுவனம் எவ்வாண்டில் வெளியிட்ட வடிவம் என்பதை அறிந்து குறித்தலே முறையாகும்.