வெட்டி ஒட்டிய இசை – 11: ஸ்கேல் வைத்து அளந்த தாளம்

1966-இல் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில், டேப் வளையங்களைப் பென்சிலில் மாட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற ஊழியர்களோடு போன இதழில் நிறுத்தினோம். அதற்கு மேல் முன்கதை வேண்டுபவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளலாம். ஆறு வருடம் கழித்து அதே கட்டடத்துக்கு பிங்க் ஃப்ளாய்ட் வந்தார்கள். 1972 கோடையில் ஆரம்பித்து, கச்சேரிகளுக்கு நடுவே விட்டுவிட்டு, 1973 தொடக்கத்தில் பதிவை முடித்தார்கள். 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' அந்த மார்ச்சில் வெளிவந்தது. அந்த ஆல்பத்தில் பாடிய கிளேர் டோரியைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அவர் வருவார். ஆனால் வழியில் ஒரு ஸ்கேல் குறுக்கே கிடக்கிறது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

'மனி' என்ற பாட்டு தொடங்கும்போது எந்த வாத்தியமும் ஒலிப்பதில்லை. சில்லறை விழுகிறது, காகிதம் கிழிகிறது, கல்லா மெஷின் கிணுங்குகிறது. ஏழு சத்தங்கள் வட்டமாகச் சுற்றிச் சுற்றி வருகின்றன. அந்தச் சுற்றின் மேல்தான் ரோஜர் வாட்டர்ஸின் பேஸ் கிட்டார் வந்து உட்காருகிறது. மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய நமக்கு ஏழு எண்ணிக்கை மிரட்டாது. நாலு நாலாகவே எண்ணிப் பழகிய ராக் ரசிகனுக்கு அது காலை இடறிவிடும். இந்தச் சுற்றின் முதல் வடிவத்தை வாட்டர்ஸ் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் செய்தார். அவர் மனைவி மண்பாண்டக் கலைஞர். அவருடைய பெரிய பாத்திரம் ஒன்றில் சில்லறையை வீசிப் பதிவு செய்தார். ஒவ்வொரு சத்தமும் தனித்தனி டேப் துண்டு. துண்டுகளின் நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்து, பிளேடால் வெட்டி, வரிசையாக ஒட்டினார்கள். ஸ்டூடியோ டேப் வழக்கமாக நொடிக்கு 15 அங்குலம் ஓடும். நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு தட்டுக்கு ஏழரை அங்குலம், ஏழு தட்டுக்கு ஐம்பத்திரண்டரை. கால் அங்குலம் பிசகினால் நொடியில் அறுபதில் ஒரு பங்கு பிசகும். ஒரே ஒரு தடவை என்றால் காது பொறுத்துக்கொள்ளும். வளையம் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே பிசகு வந்து நிற்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. நாலடிக்கு மேல் நீளமான வளையம் மெஷினின் இரண்டு சுருள்களுக்கு நடுவே அடங்காது. வெளியே இழுத்து மைக் ஸ்டாண்டைச் சுற்றவிட்டு ஓட்டவேண்டும். ஸ்டாண்டு ஒரு பக்கம் நகர்ந்தால் டேப் விறைக்கும், மறுபக்கம் நகர்ந்தால் தொய்யும். வெட்டுவதையும் நேர்க்குறுக்காக வெட்டுவதில்லை. சாய்த்து வெட்டினால்தான் ஒட்டின இடம் காதுக்குத் தெரியாது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. இங்கே தாளம் வாசிப்பவரின் கையில் பிறக்கவில்லை, மேசைமேல் அங்குலக் கணக்கில் பிறந்திருக்கிறது. அந்தப் பாட்டுக்கு மட்டுமல்ல, ஆல்பம் முழுமைக்குமே இது பொருந்தும் என்பது என் கட்சி. நாலு பேர் இசைத்ததை ஸ்டூடியோ பதிவு செய்தது என்று சொல்வது பாதி உண்மைதான். வெட்டுமேசையில் இயற்றப்பட்ட இசைக்கு நாலு பேர் பொருள் தந்தார்கள் என்று சொன்னால் இன்னும் கிட்டே வருகிறோம்.

உடனே எழும் ஆட்சேபம் பலமானது. இந்தப் பாட்டுத் தொகுதியை அவர்கள் 1972 ஜனவரியிலேயே பிரைட்டன் நகர மேடையில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அன்று ஏதோ தொழில்நுட்பக் கோளாறு, 'மனி'யோடு நின்றுபோனது. அடுத்த மாதம் லண்டன் ரெயின்போ அரங்கில் பத்திரிகைக்காரர்களே வந்து கேட்டார்கள். இசைத்தட்டு வருவதற்கு ஒரு வருடம் முன்பே இசை தயார் என்றால், ஸ்டூடியோ இயற்றியது எதை? மேடையில் இருந்ததையும் தட்டில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் தெரியும். இன்று 'ஆன் தி ரன்' என்று நாம் கேட்கும் இடத்தில் மேடையில் கிட்டாரும் கீபோர்டும் பிடித்த போக்கில் வாசித்துக்கொண்டிருந்தன. ஸ்டூடியோவுக்கு சிந்தி ஏகேஎஸ் என்ற பெட்டிக்குள் அடங்கும் சின்தசைசர் வந்தது; எட்டே எட்டு ஸ்வரத்தை அதில் ஏற்றி, மனிதக் கை தொடமுடியாத வேகத்தில் ஓடவிட்டார்கள். பழைய வாசிப்பு குப்பைக்குப் போனது. 'டைம்' தொடக்கத்தில் அலறும் கடிகாரங்கள் இந்தக் குழுவுக்காகப் பதிவானவையே அல்ல. ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் நாலு ஸ்பீக்கர் ஒலிமுறையைக் காட்டிப் பார்ப்பதற்காக, பழைய கடிகாரக் கடை ஒன்றில் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாகப் பிடித்து வைத்திருந்தார். தனித்தனியாகப் பிடித்ததை ஒரே கணத்தில் வெடிக்கவைப்பதும் டேப்பைச் சரியான இடத்தில் ஓடவிடும் கணக்குத்தான். ஆக, மேடையிலிருந்து மெட்டுகளும் வரிகளும் வந்தன. உலகம் அந்த ஆல்பத்தை எந்தச் சத்தங்களால் அடையாளம் காண்கிறதோ, அவை வரவில்லை.

இதெல்லாம் பழைய வித்தை என்பவர்களும் உண்டு. பாரிஸ் வானொலியில் பியேர் ஷேஃபர் 1948-லேயே ரயில் சத்தங்களைக் கொண்டு ஒரு படைப்பைச் செய்துவிட்டார். அப்போது அவர் கையாண்டது டேப்கூட அல்ல, வெறும் இசைத்தட்டுகள். பீட்டில்ஸின் 'டுமாரோ நெவர் நோஸ்' நாம் போன வாரம் பார்த்ததே. ஒப்புக்கொள்கிறேன், சத்தத்தை வெட்டி ஒட்டியதில் இவர்கள் முதல் ஆள் இல்லை. ஆனால் பீட்டில்ஸின் வளையங்கள் தாளத்துக்கு மேலே மிதந்தன. டிரம்ஸ் தன் வழியில் போக, அவை நினைத்த இடத்தில் நுழைந்து மறைந்தன. 'மனி'யில் வளையமே எண்ணிக்கையைச் சொல்கிறது, வாத்தியம் அதன் பின்னால் வருகிறது. இந்த முதலாளி–வேலையாள் மாற்றத்தைத்தான் நான் பெரிதாகச் சொல்கிறேன். ஷேஃபரின் ரயில்கள் சோதனைக்கூடத்து ரசிகர்களோடு நின்றன. இந்தக் கல்லாச் சத்தம் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் 1973-க்கும் 1988-க்கும் இடையில் 741 வாரம் இருந்தது. (முதலிடத்தில் இருந்தது ஒரே வாரம். அதுவும் ஒரு சுவாரசியம், இன்னொரு நாள் பார்க்கலாம்.)

என் கட்சியை உண்மையாகவே தொந்தரவு செய்வது மூன்றாவது ஆட்சேபம். டேவிட் கில்மர் பாட வாய் திறப்பதற்குள் வளையம் மங்கி மறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு குழு மெல்ல மெல்ல வேகம் கூட்டுகிறது. தொடக்கத்து வேகத்தையும் நடுப்பகுதி வேகத்தையும் ஒப்பிட்டாலே தெரியும். டிக் பேரியின் சாக்ஸபோன் ஏழிலேயே போகிறது. கில்மரின் கிட்டார் வரும்போது ஏழை உதறிவிட்டுச் சாதாரண நாலுக்கு மாறி, பாய்ந்து ஓடுகிறது. பாட்டின் உச்சம் அதுதான். ஸ்கேல் அளந்த தாளம் அங்கே இல்லவே இல்லை. இதற்கு முழுப் பதில் என்னிடம் கிடையாது. இவ்வளவு சொல்லலாம்: அந்த ஓட்டம் விடுதலையாகக் கேட்பதற்குக் காரணம், அதற்கு முன் நாம் ஒரு கட்டுக்குள் இருந்திருக்கிறோம். அந்தக் கட்டைப் போட்டது டேப்.

வெட்டுமேசைக்கு இவ்வளவு கொடுத்தால் கணக்குக் கேட்கும் ஆட்களும் வருவார்கள். பார்சன்ஸ் அன்று வாரச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஸ்டூடியோ ஊழியர். கிளேர் டோரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'க்காகச் சொல்லே இல்லாமல் குரலை மட்டும் சில தடவை கொட்டிவிட்டு, 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தடவைகளிலிருந்து எடுத்துத் தொகுத்ததையே இன்று கேட்கிறோம். 2004-இல் அவர் வழக்குத் தொடுத்தார். இயற்றியவர்களில் தானும் ஒருவர் என்பது அவர் வாதம். 2005-இல் சமரசமாகி, பாட்டில் ரிச்சர்ட் ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் சேர்ந்தது. அவருக்கு எதிராக ஒருவர் எடுத்து வீசக்கூடிய வாதம் எது தெரியுமா? இந்த வாரம் முழுக்க நான் சொல்லிக்கொண்டிருப்பதுதான்: பாடியவர் பொருள் தந்தார், ஆக்கியது வெட்டித் தொகுத்தவர்கள். அப்படிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எங்கே கோடு போடுவது என்று அடுத்த இதழில் பார்ப்போம்.