புண்ணாக்கில் எண்ணெய் எவ்வளவு?

ஒரகடத்தைச் சுற்றிக் கம்பெனிகள் வந்த பின்னும் நம் கடைகளில் புண்ணாக்கும் தவிடும் விற்கத்தான் செய்கின்றன. எக்ஸ்பெல்லரில் பிழிந்த கடலைப் புண்ணாக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு எண்ணெய் தங்கும். சால்வென்ட் முறையில் எடுத்ததில் 1 பங்குதான். புரதம் அதில் கூடுதல் என்பது உண்மை. ஆனால் மாட்டின் உடம்பு தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத லினோலிக் அமிலம் எண்ணெயோடு போய்விடுகிறது. அரிசித் தவிடும் அப்படியே: எண்ணெய் எடுக்காததில் 15 பங்கு வரை, எடுத்ததில் பெயருக்குத்தான். இரண்டையும் ஒரே விலைக்கு விற்பது வியாபாரமா? பால் குறைந்தால் பேச்சு நம் கடைக்குத்தான் வரும்.

எண்ணெயுள்ள தவிடு சில நாளில் சிக்கு வாடை அடிக்கும். வாரத்துக்கு விற்பதை மட்டும் வாங்குவோம். ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கு இன்னும் மோசம். 1960இல் இங்கிலாந்தில், பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்குத் தீனியால் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. அந்த நஞ்சு பாலிலும் இறங்கும். பூஞ்சை பூத்த மூட்டையை மில்லுக்கே திருப்பிவிடுவோம்.