பைதன் கூப்பிட்டால் சி மொழிக்கு எப்படிக் கேட்கும்?



இந்த வார எபிசோடில் "பைதன் ஸ்லோ என்றால், ஏஐ எல்லாம் ஏன் பைதனில் ஓடுது?" என்ற கேள்வியை அரை நிமிடத்தில் முடித்துவிட்டோம். சொன்ன பதில் சரிதான்: பாரமான கணக்கைப் பைதன் செய்வதில்லை, சி, சி++ போன்ற மொழிகளில் எழுதிய ஃபங்ஷனைக் கூப்பிட்டுச் செய்விக்குது. ஆனால் ஒரு மொழி இன்னொரு மொழியின் ஃபங்ஷனை எப்படிக் கூப்பிடும்? இதற்கு நல்ல உதாரணம் எங்கட ஊரிலேயே இருக்கு.

2009 நவம்பரில் ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தில் வொலொடிமிர் ம்னி என்ற ஆராய்ச்சி மாணவர் 'கூடாமேட்' என்ற சின்ன லைப்ரரி ஒன்றைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். ஜெஃப்ரி ஹின்டனின் குழு, கேம் விளையாடுற கிராஃபிக்ஸ் கார்டில் நியூரல் நெட்வொர்க்கை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கார்டோடு பேச என்விடியாவின் 'கூடா' வேண்டும். அது சி, சி++ குடும்பம். ஐடியாவைச் சட்டென்று எழுதிப் பார்க்கவோ பைதன்தான் லேசு. இரண்டுக்கும் நடுவில் போட்ட பாலம்தான் கூடாமேட்.

மேட்ரிக்ஸ் கணக்குகள் எல்லாம் கூடாவில் எழுதப்பட்டு, ஒரே லைப்ரரி ஃபைலாக கம்பைல் ஆகும். பைதனோடு கூடவே வரும் 'சிடைப்ஸ்' அந்த ஃபைலை மெமரியில் ஏற்றி, பெயரை வைத்து ஃபங்ஷனைத் தேடிப் பிடித்துக் கூப்பிடும். கேட்க லேசாக இருக்கு. ஆனால் இரண்டு பக்கமும் மூன்று விஷயத்தில் ஒத்துப்போக வேண்டும்.

பெயர்

சி++ கம்பைலர் ஃபங்ஷனின் பெயரோடு, அது வாங்கும் டைப்புகளையும் ஒட்டி நீளமான ஒரு பெயராக மாற்றிவிடும். வெளியிலிருந்து பழைய பெயரைச் சொல்லித் தேடினால் ஆள் கிடைக்காது. அதனால்தான் கூடாமேட் தன் ஃபங்ஷன்களை 'எக்ஸ்டர்ன் சி' என்ற அடைப்புக்குள் வைக்குது. "இந்தப் பெயரை மாற்றாதே" என்று கம்பைலருக்குச் சொல்வது அது.

அளவு

பைதனில் ஒரு தசம எண் 24 பைட் பிடிக்கும் ஆப்ஜெக்ட். சியின் ஃப்ளோட் வெறும் 4 பைட். அதனால் பைதன் பொருளை அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது, மாற்றித்தான் அனுப்பவேண்டும். திரும்பி வருவதிலும் ஆபத்து இருக்கு. என்ன டைப் திரும்பும் என்று நாங்கள் சொல்லாவிட்டால், அது சாதாரண 32 பிட் முழு எண் என்று சிடைப்ஸ் நினைத்துக்கொள்ளும். ஃபங்ஷன் 64 பிட் மெமரி முகவரியைத் திருப்பினால், பாதி வெட்டுப்படும். முகவரி சின்னதாக இருக்கிற மெஷினில் எல்லாம் சரியாக ஓடும். இன்னொரு மெஷினில் விழும்.

வரிசை

எனக்கு ஆகப் பயமானது இதுதான். இரண்டு வரி, மூன்று நிரல் உள்ள மேட்ரிக்ஸ் ஒன்றை எடுங்கோ. முதல் வரியில் 1, 2, 3. இரண்டாவதில் 4, 5, 6. பைதனின் நம்பை லைப்ரரி இதை வழக்கமாக 1, 2, 3, 4, 5, 6 என்று வரி வரியாக மெமரியில் வைக்கும். கூடாவின் கணக்கு லைப்ரரியோ பழைய ஃபோர்ட்ரான் வழக்கப்படி நிரல் நிரலாக வாசிக்கும். அப்படியே கொடுத்தால் அது காண்பது: முதல் வரி 1, 3, 5, இரண்டாவது 2, 4, 6. எண்கள் ஆறும் இருக்கு, அளவும் சரி, எரர் ஒன்றும் வராது. விடை மட்டும் பிழை. அதனால்தான் கூடாமேட் உள்ளே வாங்கும் மேட்ரிக்ஸை முதலில் ஃபோர்ட்ரான் வரிசைக்கு மாற்றுது.

பாருங்கோ, இந்த மூன்றில் பெயர் பிழைத்தால் உடனே தெரியும். மற்ற இரண்டையும் யாரும் செக் பண்ணுவதில்லை. ஒரு மொழிக்குள் இருக்கும்போது கம்பைலரோ இன்டர்பிரட்டரோ காவல் நிற்கும். எல்லையில் காவல் இல்லை. நாங்கள் எழுதிக் கொடுத்ததை அது அப்படியே நம்பும்.

எல்லையைக் கடக்கிறதுக்கும் செலவு இருக்கு. பஃபலோவுக்கு ஷொப்பிங் போறவர்கள் ஒரு சேர்ட்டுக்கு ஒரு தரம் பீஸ் பிரிட்ஜைக் கடப்பதில்லை. போனால் கார் நிறைய வாங்கிக்கொண்டுதான் வருவார்கள். கூடாமேட்டும் அப்படித்தான்: மேட்ரிக்ஸை ஒருமுறை கார்டின் மெமரிக்கு அனுப்பிவிட்டு, கணக்கு முடியும்வரை அங்கேயே வைத்திருக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் லூப் போட்டு எல்லையைக் கடந்தால், சி எவ்வளவு வேகம் என்றாலும் பிரயோசனமில்லை.

2012 இல் அதே குழுவில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி எழுதிய கோடும் இதே அமைப்புத்தான்: வெளியே பைதன், உள்ளே சி++, கூடா. இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளில், 12 லட்சம் படங்களை வைத்து, ஐந்தாறு நாள் ஓடியது. அதுதான் அலெக்ஸ்நெட். இன்றைய பைடோர்ச்சும் வெளியே பைதன், உள்ளே சி++, கூடாதான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கு. கொன்ட்ராக்ட் வேலைக்குப் போற இடங்களில் இந்தப் பாலக் கோடை இப்போது பெரும்பாலும் ஏஐதான் எழுதிக் கொடுக்குது. சின்ன டெஸ்டில் பாஸாகும். ஆனால் சின்ன டெஸ்டில் வரியும் நிரலும் ஒரே அளவாக, ஒரே எண்ணாக இருந்தால் வரிசைப் பிழை வெளியில் வராது. படம் என்றால் கோணலாவது கண்ணுக்குத் தெரியும். கடன் கணக்கோ மருந்தின் அளவோ என்றால் யாருக்குத் தெரியும்?

அதனால் ரிவ்யூ பண்ணும்போது மூன்று கேள்வி கேளுங்கோ: திரும்பி வரும் டைப் எழுதியிருக்கா? இரண்டுக்கு மூன்று போல சமமில்லாத மேட்ரிக்ஸில், எல்லா எண்ணும் வேறுவேறாக வைத்து டெஸ்ட் பண்ணியாச்சா? மெமரியை எடுத்தது எந்தப் பக்கம், விடுவிக்கிறது எந்தப் பக்கம்?

மூன்றாவது கேள்வி ஒரு தனி எபிசோட். அடுத்த வாரம் அதைத்தான் பேசப்போறோம். உங்கட கேள்விகளை இந்த மெயிலுக்கே ரிப்ளை பண்ணுங்கோ.