தலைக்கு ஒரு ஹெல்மெட், பையனுக்கு ஓர் அண்ணன்

முன்வாசல் பக்கம் போகாதீங்க. அங்கே கண்ணாடி அலமாரியில் கோப்பைகள், சுவர் முழுக்கப் பழைய சாம்பியன்களின் போட்டோக்கள். வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். நமக்கு வேண்டியது பின்கதவு. குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், சாத்திக்கொள்ளாமல் இருக்க யாரோ ஒற்றை ஷூவை முட்டுக் கொடுத்திருக்கிறார்களே, அதுதான். உள்ளே கால் வைத்ததும் ஒரு வாடை கப்பென்று மூக்கில் ஏறும். ரப்பர், வியர்வை, கிருமிநாசினி எல்லாம் கலந்த வாடை. அதற்கு மேல் பதினான்கு வயதுப் பையன்கள் தாராளமாக அடித்துக்கொண்டு வரும் பாடி ஸ்ப்ரே. மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். பார்க்க எவ்வளவு இருக்கிறது!

இடம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹியூஸ்டனுக்கு மேற்கே ஒரு புறநகர்ப் பள்ளி. மாதம் ஆகஸ்ட். என் அக்கா மகன் இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு, அதாவது ஹைஸ்கூலின் முதல் வருடம். ஃபுட்பால் டீமில் சேர்கிறான். நம் ஊர்க் கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்கன் ஃபுட்பால். "நீ சும்மாதானே இருக்கே, இவனைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போடா" என்று அக்கா கார் சாவியை என் கையில் திணித்தாள். ஆபீஸில் பாஸ்போர்ட்டைக் காட்டி, என் முகம் அச்சடித்த 'விசிட்டர்' ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு பின்பக்கம் போனால், சாமான் கொடுக்கும் நாள், ஆள் பற்றாக்குறை. பெயர்களை டிக் அடிக்க ஒரு கோச் என்னிடம் கிளிப்போர்டை நீட்டினார். அவ்வளவுதான், உள்ளே நுழைந்தாச்சு!

எனக்கு ஏன் இத்தனை குஷி என்று கேட்பீர்கள். இந்த மாநிலத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் பள்ளிக்கூட ஃபுட்பால். ஒடெஸா நகரத்துப் பெர்மியன் பள்ளி அணியின் 1988 சீசனைப் பற்றி எச்.ஜி. பிஸிங்கர் எழுதிய 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' 1990-ல் வந்தது. பிறகு சினிமாவாகவும் டி.வி. தொடராகவும் ஆனது. டல்லாஸுக்கு வடக்கே ஆலன் நகரத்தில் 2012-ல் திறந்த மைதானத்தில் 18,000 இருக்கைகள், செலவு சுமார் 6 கோடி டாலர். பள்ளிக்கூட மைதானம்ங்க அது! அத்தனை வெளிச்சத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில், ஹெல்மெட்டின் முன்பக்கம் எது என்று தெரியாத பையன்களோடு யாரோ மல்லுக்கட்டிக்கொண்டுதானே இருக்க வேண்டும்? அந்த அறைக்குத்தான் வந்திருக்கிறோம்.

கம்பிவலை போட்ட சாமான் அறை. அலமாரி முழுக்க ஹெல்மெட்டுகள் வரிசையாக நம்மையே முறைக்கின்றன. நடுவே ஒரு ஸ்டூல், அதில் ஒரு மனிதர். கழுத்தில் விசில், காதில் பென்சில், கையில் ஸ்க்ரூடிரைவர். இவர் இதே பள்ளியில் உலகப் புவியியல் நடத்துகிறவர். இங்கே ஃபுட்பால் கோச்சுகளில் பெரும்பாலானவர்கள் வாத்தியார்கள். காலையில் கண்டங்கள், மாலையில் களம். ஆகவே இவர் இனி நமக்கு ஜியாகிரஃபி சார்.

பையன்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து நிற்கிறார்கள். முதலில் ஹெல்மெட்டை மாட்டவே தெரியவில்லை. காதோட்டையில் கட்டைவிரலை விட்டு இரண்டு பக்கமும் அகட்டி இழுக்க வேண்டும் என்று சார் காட்டுகிறார். காது மடங்குகிறது, முகம் சிவக்கிறது, 'ப்ளக்' என்று தலை உள்ளே போகிறது. புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கடை இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்கிறார். பிறகு முகக் கம்பியைப் பிடித்து இடமும் வலமும் திருப்புகிறார். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுழன்றால் அளவு பெரிசு. நெற்றித் தோலும் கூடவே இழுபட்டால் சரி. உள்ளே காற்றுப் பைகள் உண்டு. ஊசியில் ஒரு சொட்டு கிளிசரின் தடவி, துளைக்குள் செருகி, சின்னப் பம்பால் இரண்டு அடி அடிக்கிறார். இதில் சுருட்டை முடிக்காரன் ஒருத்தன் வந்து நின்றதும் மனிதர் பெருமூச்சு விட்டார். "தலையை நனைச்சுட்டு வா. வியர்த்தா முடி படிஞ்சிடும், அப்ப எல்லாம் லூஸாயிடும்."

"வலிக்குதா?"

"நோ சார்."

"இறுக்கமா இருக்கா?"

"நோ சார்."

"லூஸா?"

"நோ சார்."

"உன் பேர் என்னப்பா?"

"நோ சார்."

கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நான் கிளிப்போர்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். சார் சிரிக்கவே இல்லை. இதை ஒவ்வொரு வருஷமும் கேட்பாராம், ஒவ்வொரு வருஷமும் இந்தப் பதில் வருமாம். பயந்த பிள்ளை எதற்கும் 'இல்லை' என்றுதான் சொல்லும், அதனால் பதிலை நம்பாமல் விரலால் தடவிப் பார்க்கிறேன் என்றார். அனுப்பும்முன் ஒரு காரியம் கண்டிப்பாகச் செய்யவைக்கிறார்: ஹெல்மெட்டின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் பையன் உரக்கப் படிக்க வேண்டும். எந்த ஹெல்மெட்டும் எல்லாக் காயத்தையும் தடுத்துவிடாது, தலையால் போய் முட்டாதே என்பது அதன் சாரம். பாதிப் பேர் நெட்டுருப் போட்ட குரலில் ஒப்பிக்கிறார்கள். விடுவதில்லை, "மெதுவா, திரும்பப் படி."

அடுத்த மேஜையில் களேபரம். தொடைக்கு, முழங்காலுக்கு, இடுப்புக்கு, வால் எலும்புக்கு என்று தனித்தனி பேட்கள். ஒருத்தன் தொடை பேடைத் தலைகீழாகச் செருகிக்கொண்டு விறைப்பாக நடந்து வருகிறான். இன்னொருத்தன் வால் எலும்பு பேடை முழங்காலில் வைத்து அழகு பார்க்கிறான். மூலையில் ஒரு கெட்டிலில் வெந்நீர் கொதிக்கிறது. டீக்கு என்று நினைத்து ஆவலாக எட்டிப் பார்த்தேன், பல் கவசத்துக்காம். வெந்நீரில் போட்டு இளக்கி, வாயில் வைத்து ஒரே கடி கடித்தால் அவனவன் பல்வரிசை அதில் பதிந்துவிடும். ஒரே கடி என்று சொன்னதைக் காதில் வாங்காமல் ஒரு பிள்ளை அதை நன்றாக மென்றுவிட்டது. "மென்னுட்டேன் சார்." புதுசு ஒன்று கெட்டிலுக்குள் விழுந்தது.

கடைசியாக, நெற்றிப் பக்கம் ஒரு வெள்ளை டேப் ஒட்டி மார்க்கரால் பெயர் எழுதுகிறார்கள், கோச்சுகள் கூப்பிட வசதியாக. எங்கள் வீட்டுப் பையனின் பெயர் டேப்பில் அடங்கவில்லை. எழுத எழுத நீண்டு காதைத் தொட்டது. முதல் மூன்றெழுத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கோச் மரியாதையாகக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான், நான் தலையாட்டினேன். தாத்தா பெயரைப் பாதியில் வெட்டிய பழி எனக்கு.

இப்போது லாக்கர் அறை. கதையின் சூடான பகுதி இதுதான். டெக்சாஸில் ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே பள்ளிக்குப் பள்ளி ஃபுட்பால் உண்டு. இந்த ஹைஸ்கூலுக்கு மூன்று நடுநிலைப் பள்ளிகளிலிருந்து பையன்கள் வருகிறார்கள். போன வருடம் வரை ஒருத்தரை ஒருத்தர் மண்ணைக் கவ்வ வைத்தவர்கள். இன்றைக்கு ஒரே டீம். முதல் நாள் மூன்று கும்பலாக மூன்று மூலையில் நின்றார்கள். கோச்சுகள் திட்டம் போட்டு லாக்கரைக் கலைத்துக் கொடுத்திருக்கிறார்கள்: இந்தப் பள்ளிக்காரன் பக்கத்தில் அந்தப் பள்ளிக்காரன். "போன வருஷம் குவாட்டர்பேக் ஆடினவங்க கையைத் தூக்குங்க" என்றார் ஹெட் கோச். பந்தை எறியும் நாயகன் அவன்தானே, ஒரு காடே எழும்பியது. "சென்டர் ஆடினவங்க?" சென்டர்தான் குனிந்து நின்று பந்தைக் கால் இடுக்கு வழியாகப் பின்னால் தருகிறவன், புகழும் இல்லை, போட்டோவும் இல்லை. ஒரே ஒரு கை, அதுவும் பாதி உயரத்துக்கு. கோச்சுகள் அத்தனை பேரும் அந்தக் குண்டுப் பையனைப் பார்த்த பார்வையில் அப்படியொரு பாசம்!

இந்த அறையில் முதல் வருடப் பிள்ளைகளைத் தோற்கடித்தது எது தெரியுமா? பூட்டு. எண்ணைத் திருகித் திறக்கும் காம்பினேஷன் பூட்டு. வலப்பக்கம் சுற்றி, இடப்பக்கம் ஒரு முழுச் சுற்று தாண்டி, மறுபடி வலப்பக்கம். முப்பது பேர் முப்பது பூட்டைத் திருகுகிறார்கள், ஒன்றும் திறக்கவில்லை. அப்போதுதான் சீனியர்கள் உள்ளே வந்தார்கள். தாடி வைத்த, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற பன்னிரண்டாம் வகுப்பு ஆசாமிகள். புதுசுகள் சுவரோடு ஒட்டிக்கொண்டன.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. புதுப் பையன்களுக்கு மொட்டை போடுவது, அதைவிடக் கேவலமானவை என்று லாக்கர் அறைகளுக்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. நம் ஊர் ராகிங்கேதான். டெக்சாஸில் அது சட்டப்படி குற்றம். இங்கே பையன்கள் உள்ளே இருக்கும்வரை ஒரு கோச் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். போனை எடுத்தாலும் அதட்டல் விழுகிறது. அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு புதுப் பையனுக்கும் ஒரு சீனியரை அண்ணனாக ஒட்டிவிட்டிருக்கிறார்கள். எங்கள் பையனுக்கு வாய்த்த அண்ணன் ஆறரை அடி. அந்த உயரம் மொத்தமும் மடங்கி, மண்டியிட்டு, தக்குனூண்டு பூட்டைப் பிடித்து, "மெதுவா திருப்பு. எனக்கும் முதல் வாரம் திறக்கல. ஷூவை வெளியே வச்சுட்டு வெறுங்காலோட வீட்டுக்குப் போனேன்" என்றான். க்ளிக். திறந்தது. இத்தனை ஏற்பாட்டிலும் உருப்படியானது இந்த அண்ணன் ஏற்பாடுதான் என்பது என் கட்சி. பிறகு நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஹெட் கோச் ஆற்றிய முக்கால் மணி நேரச் சொற்பொழிவில் எனக்கு ஒரு வரிகூட நினைவில்லை.

இல்லை, ஒரு எண் நினைவிருக்கிறது: 70. எந்தப் பாடத்திலாவது மார்க் அதற்குக் கீழே போனால் ஆட முடியாது. மூன்று வாரமாவது உட்கார வேண்டியதுதான், அதற்குள் தேறினால்தான் திரும்ப வரலாம். 1984-ல் வந்த சட்டம். இதைக் கேட்டதும் எங்கள் அக்கா முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக வெளிச்சம். அதே கூட்டத்தில் கோச் இன்னொன்றும் சொன்னார்: "உங்க பையனோட படிப்பு, சாப்பாடு, மனசு, எது பத்தியும் என்கிட்ட பேசலாம். எவ்வளவு நேரம் ஆட விடறேன்னு மட்டும் கேட்கக் கூடாது." அக்கா என் பக்கம் சாய்ந்து, "மார்க் போதும்டா, இவன் உட்கார்ந்தே இருக்கட்டும்" என்றாள்.

எடைப்பயிற்சிக் கூடத்தைச் சீக்கிரம் தாண்டிவிடுவோம், காது கிழிகிறது. ஆனால் அந்த மூலையைப் பார்த்துவிட்டு வாங்க: நடுவில் பெரிய பையன்கள் இரும்பைத் தூக்கிக் கர்ஜிக்க, ஓரத்தில் நம் புதுசுகள் வெறும் பிளாஸ்டிக் பி.வி.சி. குழாயைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறார்கள். முதுகு வளையாமல் குழாயைத் தூக்கக் கற்ற பிறகுதான் இரும்பாம். மானம் போகிறதே என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தூக்குகிறான் ஒருவன்.

வெளியே மைதானம். காலை ஏழு மணிக்கே இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடிக்கிறது. முதல் சில நாள் ஹெல்மெட், டி-ஷர்ட், அரைக்கால் சட்டை மட்டும், மோதல் கிடையாது. உடம்பு வெயிலுக்குப் பழக வேண்டுமே. சீசன் தொடங்கிய பிறகும் ஒரு பையனுக்கு முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 90 நிமிடம்தான் என்று 2013-லிருந்து விதி. ஓரத்தில் வெப்பமானியோடு நிற்கும் பெண்மணிதான் பையன்களின் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெய்னர். அவர் கை உயர்த்தினால் ஹெட் கோச்சே வாயை மூடிக்கொள்கிறார். பக்கத்தில் பண்ணைகளில் குதிரைக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய தொட்டி, விளிம்பு வரை ஐஸ். யாராவது வெயிலில் சுருண்டால் முதலில் அதில் போட்டுக் குளிர வைத்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸில் ஏற்றுவார்களாம். தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தாலும் இவர் பேச்சுதான் கடைசி. அன்றைக்குத் திரும்ப இறங்க முடியாது, 2011-லிருந்து அதற்கும் சட்டம் இருக்கிறது. அன்று காலை தொட்டிக்கு வேலை வரவில்லை. ஹெட் கோச்தான் பயிற்சி முடிந்ததும் தொப்பியோடு உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டார்.

ஆட்டம்? அதுவும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பெரியவர்களுக்கு, முதல் வருடப் பிள்ளைகளுக்கு வியாழக்கிழமை சாயங்காலம். பேண்டு வாத்தியம் இல்லை, வாணவேடிக்கை இல்லை. கேலரியில் அம்மாக்கள், மடக்கு நாற்காலித் தாத்தாக்கள், வேலையிலிருந்து நேராக வந்த அப்பாக்கள். மூன்று பள்ளிக்காரர்களும் யார் எவர் என்று தெரியாதபடி ஒரே கும்பலாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். காடாகத் தூக்கிய கைகளில் முக்கால்வாசி இப்போது வேறு வேறு இடத்தில் நிற்கின்றன. எங்கள் பையன் கடைசிக் கால்பகுதியில் இறங்கினான். எதிராளியை மறிக்கச் சொன்னால், ஓடி வந்த தன் டீம்காரனையே மறித்துத் தள்ளினான். கேலரியிலிருந்து அந்த ஆறரை அடி அண்ணன் எழுந்து நின்று கைதட்டினான்: "சூப்பர் பிளாக் தம்பி! ஆளைத்தான் மாத்தணும்!"

எல்லோரும் போனதும் நான் பின்பக்கம் நழுவினேன். இரண்டு பெரிய வாஷிங் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சேறும் புல்கறையுமான ஜெர்சி மலை முன்னால் ஹெட் கோச், ஜியாகிரஃபி சார், இன்னும் இரண்டு பேர். கறைக்கு எந்தப் பவுடர் நல்லது என்று காரசாரமான விவாதம். நம்பர் போட்ட பட்டையில் கோர்த்துப் போட்டால் சாக்ஸ் தொலையாது. கோர்க்காமல் விட்டவர்களின் ஒற்றைச் சாக்ஸ்கள் ஒரு வாளி நிறையக் கிடந்தன. விசிட்டர் ஸ்டிக்கரை ஒரு பார்வை பார்த்த ஹெட் கோச் வாளியை என் பக்கம் காலால் தள்ளினார்.

"ஜோடி சேர்ப்பீங்களா? நாளைக்குப் பெரிய பசங்க ஆட்டம், அதுல இன்னும் நிறைய வரும்."

கேட்க வேண்டுமா? சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.